ஆமை சொன்ன கணக்கு

ஆமை.

ஆம், ஆமைதான். 1997 டிசம்பரில் டொயோட்டா நிறுவனம் ஜப்பானில் ஒரு புதிய காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ப்ரியஸ் என்று பெயர். பெட்ரோல் இன்ஜின் ஒன்று, மின்சார மோட்டார் ஒன்று, இரண்டும் ஒரே கூரையின் கீழ் குடித்தனம். ஹைபிரிட் கார். ஒரே லிட்டரில் மற்ற கார்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம் ஓட்டிக் காட்டுகிறோம் என்று சொல்லிவிட்டுக் களத்தில் இறங்கியிருந்தார்கள். உலகமே வேடிக்கை பார்த்தது.

அந்தக் காரின் டேஷ்போர்டில் ஏகப்பட்ட விளக்குகள். அதில் ஒன்று ஆமைப் படம்.

சாதாரணமாக அது கண்ணிலேயே படாது. ஊருக்குள் எத்தனை நாள் ஓட்டினாலும் ஆமை வெளியே வராது. ஆனால், நீளமான மலை ஏற்றம் ஒன்றில் ஆக்ஸிலரேட்டரை விடாமல் மிதித்துக்கொண்டே போனீர்கள் என்றால், ஒரு கட்டத்தில் ஆமை எட்டிப் பார்க்கும். பேட்டரி காலி, இனிமேல் இவ்வளவுதான் முடியும், கொஞ்சம் மெதுவாகப் போகலாமா என்று அர்த்தம். பின்னால் லாரிக்காரர் ஹாரன் அடித்தாலும் சரி, நீங்கள் பல்லைக் கடித்தாலும் சரி. வேகம் குறையத்தான் செய்யும்.

உலகத்தின் மிகப் பெரிய கார் கம்பெனிகளில் ஒன்று, தன்னுடைய மிக நவீனமான காரில் எதற்காக ஓர் ஆமையை உட்காரவைத்தது? தெரியாமல் செய்தார்களா? இல்லை. நன்றாகத் தெரிந்துதான் செய்தார்கள். காருக்கும் மலைக்கும் நடுவே இருப்பது நூறு வருடத்துக்கும் மேலான ஒரு பழைய பஞ்சாயத்து. அந்த ஆமை, அதில் எழுதப்பட்ட ஒரு தீர்ப்பு.

முதலில் இருந்து பார்த்துவிடலாம். அதற்குக் கொஞ்சம் குதிரை தேவைப்படுகிறது.

*

18-ம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி. இங்கிலாந்தில் ஜேம்ஸ் வாட் நீராவி இன்ஜின் விற்றுக்கொண்டிருந்தார். வாங்க வந்தவர்களில் பலர் மில் முதலாளிகள். அதுவரை குதிரைகளைச் செக்குமாடு மாதிரி சுற்றவிட்டு வேலை வாங்கிக்கொண்டிருந்தவர்கள். அவர்கள் கேட்ட கேள்வி ரொம்ப நியாயமானது. 'உங்கள் இன்ஜின் எத்தனை குதிரைக்குச் சமம்?'

வாட் கணக்குப் போட்டார். ஒரு குதிரை ஒரு நிமிடத்தில் எவ்வளவு எடையை எவ்வளவு உயரத்துக்குத் தூக்கும் என்று ஓர் எண்ணைத் தீர்மானித்தார். அதுதான் ஹார்ஸ் பவர். குதிரைசக்தி. பிற்பாடு ஐரோப்பாக்காரர்கள் அதையே மெட்ரிக் அளவுக்கு மாற்றி எளிமையாக்கினார்கள். 75 கிலோ எடையை ஒரு விநாடியில் ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்கினால், அது ஒரு குதிரைசக்தி. ஆச்சா?

கவனியுங்கள். குதிரைசக்தி என்பதே தூக்குகிற கணக்கு. அதாவது, ஏறுகிற கணக்கு. கார் பிறப்பதற்கு நூறு வருடம் முன்பே, காரின் பலத்தை அளக்கிற கோல், மலை ஏறுவதை அளக்கிற கோலாகத்தான் வந்து சேர்ந்திருக்கிறது.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. பலர் குழப்பிக்கொள்கிற இடம். ஒரு டன் எடையுள்ள காரை 400 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற வேண்டும் என்றால், அதற்கு ஆகிற மொத்த ஆற்றல் நிர்ணயமான ஒன்று. சாயங்காலம் வரை ஏறினாலும் அதேதான். பத்து நிமிடத்தில் ஏறினாலும் அதேதான். சந்தேகமிருந்தால், வளைந்து வளைந்து 20 கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு போய்ப் பாருங்கள். உயரத்துக்கான பில் தொகை மாறாது.

மாறுவது தவணை. சாயங்காலம் வரை அவகாசம் என்றால் சின்னச் சின்னத் தவணை. பத்து நிமிடம்தான் என்றால் கழுத்தை நெரிக்கிற தவணை. ஆற்றல் என்பது மொத்தக் கடன். பவர் என்பது மாதத் தவணை. கடனைத் தீர்மானிப்பது மலை. தவணையைத் தீர்மானிப்பது உங்கள் வலது கால்.

இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது வியன்னாவுக்குப் போகலாம்.

*

வருடம் 1900. ஆஸ்திரியாவின் தலைநகரில் லோனர் என்றொரு கம்பெனி. அரச குடும்பத்துக்கே குதிரை வண்டி செய்து கொடுத்த பரம்பரை. குதிரைக்கு எதிர்காலம் இல்லை என்பது புரிந்து, மோட்டார் வண்டியின் பக்கம் திரும்பியிருந்தார்கள். அங்கே வேலைக்குச் சேர்ந்திருந்தார் ஓர் இளைஞர். வயது 25 கூட நிரம்பவில்லை. பெயர் ஃபெர்டினாண்ட் போர்ஷ். ஆம், அதே போர்ஷ்தான். ஃபோக்ஸ்வாகன் பீட்டிலும் போர்ஷ் கார் கம்பெனியும் எல்லாம் பின்னால் வரப்போகிற கதைகள்.

அந்த வருடம் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியில் அவருடைய மின்சாரக் கார் வைக்கப்பட்டது. முன் சக்கரங்களுக்கு உள்ளேயே மோட்டார். கியர் கிடையாது, செயின் கிடையாது. புகை கிடையாது, சத்தம் கிடையாது. ஒவ்வொரு மோட்டாரும் 2.5 குதிரைசக்தி. பார்த்தவர்கள் அசந்து போனார்கள்.

கண்காட்சியில் நிற்கிற கார் எல்லாமே அழகுதான். ஓடினால் அல்லவா தெரியும்? போர்ஷ் நேரே மலைக்குப் போனார்.

வியன்னாவுக்குத் தெற்கே ஸெம்மரிங் என்றொரு கணவாய். 1899-ல் இருந்தே அங்கே கார்களை மலை ஏற்றிப் பார்க்கிற போட்டி நடந்துகொண்டிருந்தது. 10 கிலோமீட்டர் பாதை. ஏறக்குறைய 400 மீட்டர் ஏற்றம். 1900 செப்டம்பரில் போர்ஷ் தன் மின்சாரக் காரை அங்கே ஓட்டி, 14 நிமிடம் 52 விநாடியில் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தார். சாதனை.

இப்போது நம்முடைய குதிரைக் கணக்கை இதில் பொருத்திப் பார்க்கலாம். காரையும் ஆளையும் சேர்த்து ஒரு டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,000 கிலோ, 400 மீட்டர், 892 விநாடி. பெருக்கி, வகுத்து, 75-ஆல் மறுபடி வகுத்தால் வருவது 6 குதிரைசக்தி. இது வெறும் உயரத்துக்கு மட்டும். டயரின் உராய்வு, காற்றின் எதிர்ப்பு எல்லாம் தனி. இரண்டு மோட்டாரும் சேர்த்து பெயரளவில் 5-தான். மின்சார மோட்டாருக்கு ஒரு நல்ல குணம் உண்டு. கொஞ்ச நேரத்துக்கு என்றால், பெயரில் போட்டிருப்பதைவிட அதிகமாகவே உழைக்கும். சூடேறி மயங்கி விழுவதற்குள் உச்சிக்குப் போய்விட்டால் பிரச்னை இல்லை.

ஆக, மோட்டார் பாஸ். ஃபெயிலானது பேட்டரி.

ஈயத் தகடும் அமிலமும் நிரம்பிய பேட்டரி. போர்ஷின் காரில் அது மட்டுமே 400 கிலோவுக்கு மேல். அதே வருடம் இங்கிலாந்தின் லூட்டன் நகரத்து இ. டபிள்யூ. ஹார்ட் என்பவர், நாலு சக்கரத்திலும் மோட்டார் வைத்துப் பந்தயக் கார் ஒன்று கேட்டார். போர்ஷும் செய்து கொடுத்தார். அதில் பேட்டரியின் எடை 1,800 கிலோ! ஆள் ஏறுவதற்கு முன்பே அது ஒரு குட்டி யானை.

சமதளத்தில் எடை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. ஒருமுறை உருள ஆரம்பித்துவிட்டால் அதுபாட்டுக்கு உருண்டு போகும். மலை அப்படி இல்லை. மலை ஒவ்வொரு கிலோவுக்கும் தனித்தனியாகக் காசு கேட்கும். பேட்டரியைச் சுமக்கவே பேட்டரி செலவாகும்.

எவ்வளவு மோசம்? ஒரு கிலோ ஈயப் பேட்டரியில், இன்றைய தரத்திலேயே, 30 வாட் மணிக்குப் பக்கத்தில்தான் ஆற்றல் இருக்கும். அதில் ஒரு சொட்டுகூட வீணாகாது என்று வைத்துக்கொண்டால், அந்தப் பேட்டரி தன்னைத்தானே 11 கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்கிக்கொள்ளும். பரவாயில்லையே என்று தோன்றும். ஒரு கிலோ பெட்ரோல்? இன்ஜின் முக்கால் பங்கைச் சூடாக ஊதித் தள்ளிவிட்டு, மிச்சம் கால் பங்கை மட்டும் கொடுத்தாலும், 1,100 கிலோமீட்டர். நூறு மடங்கு வித்தியாசம்.

போர்ஷுக்கு இந்த வித்தியாசம் உறைத்தது. அதே 1900-ல் அவர் இன்னொரு கார் செய்தார். பேட்டரியின் அளவைக் குறைத்தார். மிச்சமான இடத்தில் இரண்டு சின்ன பெட்ரோல் இன்ஜின்களை வைத்தார். இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. இன்ஜினின் வேலை ஜெனரேட்டரைச் சுற்றுவது. அது மின்சாரம் தயாரிக்கும், மோட்டார் அதில் ஓடும். காருக்கு அவர் வைத்த பெயர் ஸெம்பர் விவுஸ். லத்தீனில், எப்போதும் உயிரோடு இருப்பது. பேட்டரி தீர்ந்து நடுவழியில் நிற்கமாட்டேன் என்று பெயரிலேயே சத்தியம்!

உலகின் முதல் ஹைபிரிட் கார்களில் அது ஒன்று. அடுத்து வந்த 'மிக்ஸ்டே' என்ற மாடலில் பெரிய டைம்லர் இன்ஜின் வைத்தார். 1902-ல் எக்ஸல்பெர்க் மலைப் பந்தயத்தில் தன் பிரிவில் ஜெயித்தார். எல்லாம் சரி. விலை? எக்கச்சக்கம். பராமரிப்பு? தலைவலி. பணக்காரர்கள் சிலர் வாங்கினார்கள். ஊர் வாங்கவில்லை.

*

கதையில் இப்போது வருகிறவர் பெல்ஜியத்துக்காரர். லியேஜ் நகரத்தைச் சேர்ந்த ஹென்றி பீப்பர். 1905-ல் அமெரிக்காவில் ஒரு காப்புரிமைக்கு மனுப் போட்டார். 1909-ல் கிடைத்தது.

அவருடைய யோசனை போர்ஷின் யோசனையில் இருந்து கொஞ்சம் விலகியது. ஆனால், இன்றைக்கு ரோட்டில் ஓடுகிற பெரும்பாலான ஹைபிரிட் கார்களுக்கு அதுதான் பாட்டன். இன்ஜின் நேரடியாகவே சக்கரத்தைச் சுற்றட்டும். அதே அச்சில் ஒரு மின்சார மோட்டாரும் இருக்கட்டும். சமதளத்தில் இன்ஜினின் பலம் மிச்சமாகும் அல்லவா? அந்த மிச்சத்தில் மோட்டார் ஜெனரேட்டராக மாறிப் பேட்டரியை நிரப்பிக்கொள்ளட்டும். ஏற்றம் வந்து இன்ஜின் திணறுகிறதா? பேட்டரியில் இருந்து மின்சாரத்தை எடுத்து மோட்டார் கைகொடுக்கட்டும்.

இதன் அருமை புரிய வேண்டும் என்றால், நம் வீட்டுச் சமையலறைக்கு வர வேண்டும். வீட்டில் நாலு பேர். தினமும் ஒரு சின்னப் பாத்திரத்தில் சாதம் வடித்தால் போதும். வருடத்துக்கு ஒருமுறை விசேஷம் வரும், அன்றைக்கு 200 பேர் சாப்பிடுவார்கள். அதற்காக ஒரு பெரிய அண்டாவை விலைக்கு வாங்கிவைத்து, வருடம் முழுவதும் அதே அண்டாவில் நாலு பேருக்குச் சாதம் வடிப்பீர்களா? விறகு என்னத்துக்கு ஆவது?

சாதாரண பெட்ரோல் கார் அதைத்தான் செய்கிறது. நடுத்தரக் கார் ஒன்று சமதளத்தில் 90 கிலோமீட்டர் வேகத்தில் போவதற்கு, கிட்டத்தட்ட 13 குதிரைசக்தி போதும். ஆனால், இன்ஜின் 100 குதிரைசக்தியில் இருக்கும். மிச்சமெல்லாம் எதற்கு? திடீரென்று வேகம் பிடிக்க. ஓவர்டேக் செய்ய. மலை ஏற. அந்தப் பெரிய இன்ஜினை 13-ல் ஓட்டும்போது, காற்றை உறிஞ்சுவதற்கும் தன் சொந்த உராய்வுக்குமே பாதி பெட்ரோலைத் தின்றுவிடும். அண்டாவைச் சூடாக்குவதற்கே விறகு போய்விடும் என்பது மாதிரி.

பீப்பர் சொன்னது, தினசரிக்குச் சின்னப் பாத்திரம், விசேஷத்துக்கு அண்டாவை இரவல் வாங்கிக்கொள்ளலாம் என்பது. இரவல் கொடுக்கிற பக்கத்து வீடு, பேட்டரி.

பிரமாதமான யோசனைதான். ஆனால், காலம் ஒத்துழைக்கவில்லை. பெட்ரோல் மலிவாகக் கிடைத்தது. ஃபோர்டு மலிவாகக் கார் விற்றார். பெரிய இன்ஜின் செய்வது, இரண்டு இயந்திரங்களைச் சமாதானமாகக் குடித்தனம் நடத்த வைப்பதைவிட ஆயிரம் மடங்கு சுலபம். எல்லோரும் அண்டா வாங்கிக்கொண்டார்கள். பீப்பரின் காகிதம் தூசி படிந்து கிடந்தது.

*

1993. டொயோட்டாவின் பெரியவர் எய்ஜி டொயோடாவுக்கு ஒரு கவலை. அடுத்த நூற்றாண்டிலும் நாம் இப்படியேதான் கார் செய்துகொண்டிருக்கப் போகிறோமா? அதிலிருந்து பிறந்தது ஜி 21 என்கிற திட்டம். தலைமைப் பொறியாளர் டகேஷி உச்சியமாடா. அதற்கு முன்னால் அவர் எந்தக் காருக்கும் தலைமைப் பொறியாளராக இருந்தது இல்லை.

மைலேஜை ஒன்றரை மடங்காக்குகிறேன் என்று ஆரம்பித்தவரிடம், மேலிடம் இரண்டு மடங்கு கேட்டது. சாதாரண இன்ஜினில் அது நடக்காது. ஹைபிரிட்தான் வழி. 1995-ல் சோதனைக் காரைத் தயார் செய்தார்கள். சாவியைத் திருப்பினால், ம்ஹூம். நகரவில்லை. ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, 49 நாள்கள் அது இருந்த இடத்திலேயே நின்றது. 50-வது நாளை ஒட்டி நகர்ந்தபோது, சில நூறு மீட்டர் போய் மறுபடியும் நின்றது. அந்த நிலையில்தான் புதிய தலைவர் ஹிரோஷி ஒகுடா, 1997 முடிவதற்குள் கார் கடைக்கு வந்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

எப்படியோ வந்தது. உள்ளே இருந்தது என்ன? 1.5 லிட்டர் இன்ஜின். ஆனால், பலம் வெறும் 58 குதிரைசக்தி. அந்த அளவு இன்ஜினுக்கு அது குறைச்சல். வேண்டுமென்றே குறைத்தது. ஜேம்ஸ் அட்கின்சன் என்கிற ஆங்கிலேயர் 1880-களில் கண்டுபிடித்த ஒரு பழைய தத்துவத்தைத் தூசி தட்டி எடுத்திருந்தார்கள். எரிபொருளைக் கடைசிச் சொட்டு வரை பிழிந்தெடுக்கும், ஆனால் பலம் குறையும் என்பது அதன் ஜாதகம். குறைகிற பலத்துக்கு 40 குதிரைசக்தி மோட்டார் ஒன்று துணை.

ஆக, சின்னப் பாத்திரம் தயார். பக்கத்து வீட்டு அண்டாவும் தயார். இப்போது மலைக்குப் போகலாம்.

கார், நாலு பேர், பெட்டி எல்லாம் சேர்த்து 1,500 கிலோ. நூறு மீட்டருக்கு 6 மீட்டர் உயர்கிற நெடுஞ்சாலை. 90 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால், ஒவ்வொரு விநாடியும் கார் ஒன்றரை மீட்டர் மேலே போகிறது. 1,500-ஐ ஒன்றரையால் பெருக்கி, 75-ஆல் வகுத்தால் 30 குதிரைசக்தி. சமதளத்துக்கான 13-ஐக் கூட்டினால் 43. இன்ஜினிடம் 58 இருக்கிறது. வழியில் வீணாவதைச் சேர்த்தாலும் சமாளித்துவிடும். அலறும், ஆனால் ஏறும்.

120-ல் ஏறினால்? உயரத்துக்கு 40. வேகம் கூடினால் காற்றின் எதிர்ப்பும் எகிறுமே, அதற்கும் டயருக்கும் சேர்த்து 26. மொத்தம் 66. இன்ஜின் உயிரைக் கொடுத்தாலும் 58-தான். மிச்சத்தைப் பேட்டரி கொடுக்க வேண்டும். வழியில் வீணாவதும் அதன் தலையில்தான்.

கொடுக்கும். எவ்வளவு நேரம்? அங்கேதான் ஆமை உட்கார்ந்திருக்கிறது.

அந்தப் பேட்டரியில் மொத்தமாகவே ஒண்ணே முக்கால் யூனிட் மின்சாரம்தான் பிடிக்கும். பேட்டரி பல வருடம் உழைக்க வேண்டும் என்பதால், அதிலும் பாதிக்கும் குறைவாகத்தான் தொடுவார்கள். சுமார் 0.7 யூனிட். நம் வீட்டு அயர்ன் பாக்ஸ் முக்கால் மணி நேரத்தில் தீர்த்துவிடும். இதை வைத்து 1,500 கிலோவை எவ்வளவு உயரம் தூக்கலாம்? வழியில் வீணாவதைக் கழித்தால், சுமார் 145 மீட்டர். குதுப்மினார் மேல் இன்னொரு குதுப்மினாரை வைத்த உயரம். அவ்வளவுதான் மொத்த இருப்பு. மேலே சொன்ன ஏற்றத்தில், 120 வேகத்தில், நாலைந்து நிமிடம் தாங்கினால் பெரிய விஷயம்.

அப்புறம்? பக்கத்து வீட்டில் கதவைச் சாத்திவிடுவார்கள். 66 கேட்கிற ரோட்டில் 58-ஐ வைத்துக்கொண்டு என்ன செய்வது? தவணையைக் குறைப்பதுதான் ஒரே வழி. அதாவது, வேகத்தை. அதைத்தான் ஆமை சொன்னது.

எனவே ஹைபிரிட் என்பது ஒரு பந்தயம். மலை சீக்கிரம் முடிந்துவிடும் என்கிற பந்தயம். ஊருக்குள் இருக்கிற மேம்பாலம், சின்னக் குன்று, சிக்னலில் இருந்து கிளம்புகிற அந்தப் பத்து விநாடி, இவற்றில் எல்லாம் பந்தயம் கட்டியவர் ஜெயிப்பார். கல்யாணம் ஒரே நாளில் முடிந்தால் இரவல் அண்டா போதும். ஒரு வாரம் நடந்தால்?

டொயோட்டா ஆமையோடு நிற்கவில்லை. 2000-ல் அமெரிக்காவுக்குக் காரை அனுப்பியபோது இன்ஜினை 70 குதிரைசக்திக்கு ஏற்றினார்கள். அங்கே வேகமும் அதிகம், ஏற்றங்களும் நீளம். 2003-ல் அடுத்த தலைமுறை. இன்ஜின் 76, மோட்டார் 68. 2009-ல் 1.8 லிட்டர் இன்ஜினே வைத்துவிட்டார்கள். மைலேஜ் குறைந்ததா? இல்லை, கூடியது. ரொம்பச் சின்னப் பாத்திரத்தில் நெருப்பை முழுக்க ஏற்றிப் பொங்கவிடுவதும் வீண்தானே? பாத்திரம் குடும்பத்துக்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும், அண்டாவும் வேண்டாம், கிண்ணியும் வேண்டாம் என்பதைக் கண்டுபிடிக்க 12 வருடம் ஆனது.

*

ஏறுவது இருக்கட்டும். இறங்கும்போது எல்லாம் திரும்பக் கிடைத்துவிடுமே என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. இறக்கத்தில் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, பிரேக்கில் வீணாகிற ஆற்றலைப் பிடித்துப் பேட்டரியில் போடும். அது உண்மை.

ஆனால், 1,000 மீட்டர் இறக்கத்தில் அந்த 1,500 கிலோ கார் திருப்பிக் கொடுக்கப் பார்ப்பது 4 யூனிட்டுக்கும் மேல். டயருக்கும் காற்றுக்கும் போகிற பங்கைக் கழித்தாலும் கணிசமாகவே மிஞ்சும். பேட்டரியில் இருக்கிற இடம் 0.7. அருவியின் அடியில் சொம்பை வைத்த கதை. சொம்பு நிரம்பியதும் மிச்சமெல்லாம் பிரேக்கில் சூடாகத்தான் போகும். அதனால்தான் ப்ரியஸில் இறக்கத்துக்கென்றே பி என்றொரு கியர் நிலை. பெட்ரோல் ஊற்றாமல் இன்ஜினை வெறுமனே சுற்றவிட்டு, அதையே பிரேக்காகப் பயன்படுத்துகிற ஏற்பாடு. ஏறும்போது போதாது, இறங்கும்போது கொள்ளாது. சின்னப் பேட்டரியின் விதி.

அப்படியானால் பேட்டரியைப் பெரிதாக்கினால்? ஆக்கினார்கள். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 2010 டிசம்பரில் செவர்லே வோல்ட் காரைக் கொண்டுவந்தது. 16 யூனிட் பேட்டரி. முதலில் பேட்டரியில் ஓடும். தீர்ந்ததும் 84 குதிரைசக்தி இன்ஜின் எழுந்து மின்சாரம் தயாரிக்கும். மோட்டாரோ 149 குதிரைசக்தி.

அந்த 84-க்கும் 149-க்கும் நடுவில் மலை நுழைந்தது. அமெரிக்காவின் டென்வர் நகரம் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து மேற்கே ராக்கி மலையில் ஏறினால், ஐசன்ஹோவர் சுரங்கப் பாதை 3,400 மீட்டரில். அந்த உயரத்தில் காற்று சுமார் 30 சதவீதம் லேசு. இன்ஜினும் நம்மைப்போலத்தான், காற்று குறைந்தால் மூச்சு வாங்கும். 84 என்பது 60-க்குப் பக்கத்தில் வந்துவிடும். பலம் தேவைப்படுகிற இடத்தில் பார்த்துப் பலம் குறையும்.

ஜெனரல் மோட்டார்ஸ்காரர்கள் இதை யோசித்து வைத்திருந்தார்கள். வோல்ட் காரில் ஒரு பட்டன். மவுன்டன் மோட். மலை வருவதற்கு முன்பே அழுத்திவிட வேண்டும். பேட்டரியை முழுக்கத் தீர விடாமல், ஏற்றத்துக்கென்று ஒரு பங்கை எடுத்து வைத்துக்கொள்ளும். விசேஷத்துக்கென்று சீட்டுப் போட்டு வைக்கிற மாதிரி. 2019-ல் வோல்ட் நிறுத்தப்படும் வரை அந்த ஏற்பாடு இருந்தது.

பிஎம்டபிள்யூவின் ஐ3 காருக்கு வந்தது வேறு சோதனை. அது அடிப்படையில் மின்சாரக் கார். விரும்பினால், கூடவே ஒரு ஸ்கூட்டர் இன்ஜினும் கிடைக்கும். 647 சிசி, 40 குதிரைசக்திக்கும் குறைவு. பேட்டரி தீர்ந்தால் வீடு வந்து சேர்வதற்கான உதவி. ஐரோப்பாவில், பேட்டரி முக்கால்வாசி இருக்கும்போதே டிரைவர் அந்த இன்ஜினைப் போட்டுக்கொள்ளலாம். மலை வருகிறது, சேமித்துக்கொள்கிறேன் என்று. ஆனால் 2014-ல் அமெரிக்கா போனபோது கலிஃபோர்னியாவின் சட்டம் குறுக்கே வந்தது. மின்சாரக் காருக்கு நிகரான சலுகை வேண்டும் என்றால், பேட்டரி தீரும் வரை பெட்ரோல் இன்ஜின் எழுந்திருக்கக் கூடாது. நல்ல நோக்கம்தான். மக்கள் பெட்ரோலை விட்டு விலக வேண்டும் அல்லவா?

விளைவு? ஏறக்குறைய 6 சதவீதம் மட்டும் மிச்சமிருக்கும்போது இன்ஜின் கண்விழித்தது. மலை அடிவாரத்தில் அப்படி ஆனால், 110 வேகத்தில் ஏறக் கேட்பது சுமார் 60 குதிரைசக்தி. வருவது 40-க்கும் கீழே. மோட்டாரின் பலம் 170. இருந்து என்ன? தீனி இல்லை. நெடுஞ்சாலையில் மற்றவர்கள் பறந்துகொண்டிருக்க, கார் திடீரென்று சோர்ந்துபோனது. அங்கே ஆமை வேகம் என்பது கேலி அல்ல, ஆபத்து. 2016-ல் உரிமையாளர்கள் சிலர் கோர்ட்டுக்கே போனார்கள். வேறு சிலர் காரின் சாஃப்ட்வேரைத் தாங்களே மாற்றி, ஐரோப்பிய வழக்கப்படி இன்ஜினை முன்கூட்டியே எழுப்பிக்கொண்டார்கள்.

பெரிய தவறு என்று யாரையும் சொல்ல முடியாது. சட்டம் எழுதியவர் புகையை நினைத்தார். கார் செய்தவர் சட்டத்தை நினைத்தார். வாங்கியவர் 170 என்கிற எண்ணை நினைத்தார். யாருமே நினைக்காத மலை மட்டும் அதன் இடத்திலேயே இருந்தது.

பிஎம்டபிள்யூ 2022-ல் ஐ3-ஐ நிறுத்திவிட்டது. ப்ரியஸ் ஐந்தாவது தலைமுறைக்கு வந்து, 2 லிட்டர் இன்ஜினோடு ஓடுகிறது. முதல் ப்ரியஸைவிட அதிக பலம், அதைவிட நல்ல மைலேஜ். பேட்டரிகள் எத்தனையோ முன்னேறிவிட்டன.

ஆனால் ஒரு கிலோவை ஒரு மீட்டர் தூக்குவதற்கான விலை, ஜேம்ஸ் வாட் காலத்தில் என்னவோ, இன்றைக்கும் அதே. ஒரு பைசா குறையவில்லை. அடுத்தமுறை கார் வாங்கப் போகும்போது, எத்தனை குதிரைசக்தி என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். எத்தனை நிமிடத்துக்கு என்றும் கேளுங்கள். விற்பவர் கொஞ்சம் முழிப்பார். பரவாயில்லை.

நம் ஆமை என்ன ஆனது? 2010-ல் நிஸான் கம்பெனி லீஃப் என்றொரு காரைக் கொண்டுவந்தது. பெட்ரோல் வாடையே இல்லாத முழு மின்சாரக் கார். பேட்டரி தீரப்போகும் நேரத்தில், அதன் டேஷ்போர்டிலும் ஒரு படம் எட்டிப் பார்க்கும்.

அதே ஆமை.